ஈப்போவில் தொடங்கிய நிப்பா: ரத்தப் பரிசோதனை செய்தும் நோய் பிடிபட ஐந்து மாதம் ஆனது ஏன்?

1998 செப்டம்பர் மாதக் கடைசி. ஈப்போவைச் சுற்றியுள்ள அம்பாங், தம்புன், உலு பியா வட்டாரங்களில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குத் திடீரென கடும் காய்ச்சல், தலைவலி. சில நாள்களில் நினைவு தப்பியது. சிலர் இறந்தும் போனார்கள்.

மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், சோதனைக்கு அனுப்பினார்கள். சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான அடையாளம் தெரிந்தது. சரி, நோய் என்னன்னு தெரிஞ்சாச்சு என்று எல்லாரும் நினைத்தார்கள். கொசுவால் பரவும் நோய் அது. ஆகவே கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

ஆனால் மரணங்கள் நிற்கவில்லை. பேராக்கில் தொடங்கியது நெகிரி செம்பிலானுக்கும் சிலாங்கூருக்கும் சிங்கப்பூருக்கும் போனது. 1999 மார்ச்சில்தான் உண்மை தெரிந்தது. அதுவரை உலகில் யாருமே அடையாளம் கண்டிராத ஒரு வைரஸ் அது. இன்று அதன் பெயர் நிப்பா. மலேசியாவில் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 105 பேர் உயிரிழந்தார்கள்.

ரத்தம் எடுத்தார்கள், சோதனை செய்தார்கள், முடிவும் வந்தது. அப்புறம் எங்கே தவறியது? இதைப் புரிந்துகொள்ள, ஒரு விலங்கின் ரத்தமும் திசுவும் சோதனைக்கூடத்தில் எப்படிப் படிக்கப்படுகின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மாடோ ஆடோ நாயோ வளர்க்கிறீர்கள் என்றால், இது உங்களுக்கும் உதவும்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால், எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது. காய்ச்சல், தீவனம் எடுக்காமை, சோர்வு இவையெல்லாம் பத்து நோய்க்குப் பொதுவான அறிகுறிகள். அதனால்தான் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுக்கிறார். அந்த ரத்தத்திடம் இரண்டு வகையான கேள்விகளைக் கேட்கலாம்.

முதல் கேள்வி: கிருமி இப்போ உள்ளே இருக்கிறதா?

இதற்கு மிகப் பழைய, மிக மலிவான வழி ரத்தப் பூச்சு. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, ஜீம்சா என்ற சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மாடுகளுக்கு உண்ணி கடித்து வரும் பபேசியா காய்ச்சல் இப்படித்தான் பிடிபடும். சிவப்பணுவுக்குள் இரண்டு பேரிக்காய்கள் ஒட்டிக்கொண்டிருப்பது போல அந்த ஒட்டுண்ணி தெரியும். 1880-இல் பஞ்சாபில் குதிரைகளைக் கொன்ற 'சுர்ரா' நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியை கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்ததும் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான்.

வைரஸ் அவ்வளவு பெரியது கிடையாது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. இன்று அதற்கு பிசிஆர் இருக்கிறது. கொரோனா காலத்தில் நீங்களே செய்திருப்பீர்கள். கிருமியின் மரபணுத் துண்டு மாதிரியில் இருந்தால், அதைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும்.

இரண்டாவது கேள்வி: கிருமி வந்த தடம் இருக்கிறதா?

கிருமி நுழைந்தால் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். அவற்றைத் தேடுவது எலிசா போன்ற சோதனைகள். ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் நாம் தேடும் கிருமியின் துண்டைப் பூசியிருப்பார்கள். விலங்கின் சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை, அதில் விடுவார்கள். பொருத்தமான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் ரசாயனத்தால் நிறம் மாறும். ஒரே தட்டில் பல டஜன் விலங்குகளைச் சோதிக்கலாம் என்பதால், ஒரு பண்ணையையே பரிசோதிக்க இது ரொம்ப வசதி.

'பாசிட்டிவ்' என்றால் நோய் அதுதானா?

அவசியம் இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்க.

ஆன்டிபாடி இருந்தால், அந்தக் கிருமியை உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். அது போன வருடம் வந்து போனதாக இருக்கலாம். தடுப்பூசியால் வந்ததாகவும் இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அந்த வைரஸ் தொற்றும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான நோய் வரும். மற்றவர்களுக்குத் தெரியாமலேயே வந்து போய்விடும். தடம் மட்டும் ரத்தத்தில் இருக்கும்.

உறவுக்கார வைரஸ்களும் ஆளை மாற்றிக் காட்டும். டெங்கியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி மற்றொன்றின் தட்டிலும் ஒட்டக்கூடும்.

'நெகட்டிவ்' முடிவும் ஏமாற்றும். ஆன்டிபாடி உருவாக ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்கு முன்பே ரத்தம் எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரும். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் கேட்கிறார்கள். அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால், அது இப்போது வந்த நோய் என்று நம்பலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: சோதனை, நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தட்டில் அந்த வைரஸின் துண்டு மட்டும்தான் இருக்கிறது. வேறொரு புது வைரஸ் ரத்தத்தில் நிறைந்திருந்தாலும் அந்தத் தட்டுக்கு அது தெரியாது. 1998-இல் நடந்தது இதுதான். முடிவு பொய் இல்லை. சிலரிடம் அந்த ஆன்டிபாடி இருந்தது உண்மை. ஆனால் அவர்களைக் கொன்றது வேறொன்று.

பொருந்தாமல் நின்ற துப்புகள்

அப்போதைய மருத்துவர்களின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மலேசியாவுக்குப் புதிதல்ல. அந்த வைரஸ் பன்றிகளின் உடம்பில் பெருகும். கொசு அதை மனிதனுக்குக் கடத்தும். பன்றிப் பண்ணை, மூளைக்காய்ச்சல் என்றதும் அதைத்தான் யாரும் முதலில் நினைப்பார்கள்.

ஆனால் சில விஷயங்கள் ஒத்துவரவில்லை.

அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே படுத்தவர்கள் வேலைக்குப் போகும் வயது ஆண்கள். பெரும்பாலோர் சீனர்கள்; அவர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கொசு என்றால் பண்ணையில் நிற்பவரையும் வீட்டில் தூங்குபவரையும் சேர்த்துத்தானே கடிக்கும்? இங்கேயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. பின்னர் கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை சிகிச்சை அளித்த 94 பேரைப் பற்றிய ஆய்வில், 93 விழுக்காட்டினர் உயிருள்ள பன்றிகளோடு நேரடித் தொடர்பில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது.

இன்னொரு பெரிய துப்பு பன்றிகளிடமே இருந்தது. அவை இருமின, தூரத்திலேயே கேட்கும் அளவுக்கு, குரைப்பது மாதிரி. மூச்சுத் திணறின, சிலவற்றுக்குக் கால் நடுங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சினைப் பன்றிகளுக்குக் கரு கலைய வைக்கும்; இப்படி இருமல் வராது. ஆனால் நோய் வந்த பன்றிகளில் இறந்தவை குறைவு. பண்ணையில் இருமல் சகஜம் என்பதால் அது தனி நோயாக உடனே கவனிக்கப்படவில்லை. பேராக்கிலிருந்து தெற்கே விற்கப்பட்ட பன்றிகளோடு வைரஸும் லாரி ஏறியது. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் அன்று நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று. அங்கே போய்ச் சேர்ந்தபோது நிலைமை கைமீறியது.

திசுவும் செல்லும் வேறு விதமாகப் பேசும்

ரத்தச் சோதனையில் நாம் ஒரு பெயரைச் சொல்லி, இவன் இருக்கிறானா என்று கேட்கிறோம். திசுவைப் பார்ப்பது அப்படி இல்லை. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பெயர் எதுவும் சொல்லாமலேயே பார்க்கலாம்.

இறந்த விலங்கின் நுரையீரல், மூளை, மண்ணீரல் போன்றவற்றிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து ஃபார்மலினில் போடுவார்கள். அது திசுவை அழுகவிடாமல் அப்படியே நிறுத்தும். பிறகு மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு தடிப்புக்குச் சீவி, சாயம் ஏற்றுவார்கள். செல்லின் கரு நீலமாகவும் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். எந்த செல் செத்திருக்கிறது, ரத்தக் குழாய்ச் சுவர் வீங்கியிருக்கிறதா, செல்லுக்குள் வேண்டாத உருண்டைகள் இருக்கின்றனவா என்பதையெல்லாம் நோய்க்குறியியல் நிபுணர் பார்த்துச் சொல்வார்.

வெறிநாய்க்கடி நோய்க்குப் பல காலம் இதுதான் ஆதாரம். 1903-இல் அடெல்கி நெக்ரி, வெறிபிடித்த விலங்குகளின் மூளைச் செல்களுக்குள் சின்ன உருண்டைகளைக் கண்டார். இன்று சோதனை முறை மாறி, ஒளிரும் ஆன்டிபாடி வந்துவிட்டது. ஆனாலும் நாய்க்கு அந்த நோய் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல இன்றும் மூளைத் திசுதான் வேண்டும். உயிரோடு இருக்கும் நாயின் ரத்தத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

இதற்கும் ஒரு படி மேலே இருப்பது செல் வளர்ப்பு. சோதனைக்கூடத்தில் உயிருள்ள செல்களைக் குடுவையில் வளர்த்து, அதன் மேல் நோயாளியின் மாதிரியை விடுவார்கள். இதற்கு அதிகம் பயன்படுவது வீரோ செல்கள். 1962-இல் ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்டவை. மாதிரியில் வைரஸ் இருந்தால் அது செல்களைத் தாக்கும். தாக்கும் விதத்தைப் பார்த்தே எந்தக் குடும்ப வைரஸ் என்று ஊகிக்கலாம். பெயர் தெரியாத வைரஸ்கூட இதில் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

1999 மார்ச்: குடுவையில் தெரிந்தது என்ன?

மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் செய்தது இதைத்தான். புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்து நோயாளிகளின் தண்டுவட நீரை வீரோ செல்கள் மேல் விட்டார். ஒரு வாரத்துக்குள் செல்கள் மாறத் தொடங்கின. தனித்தனியாக இருக்க வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல கருக்கள் கொண்ட பெரிய பெரிய செல்களாகிவிட்டன. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் போலத் தெரியவில்லை.

அவர் அந்த மாதிரிகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். ஃபோர்ட் காலின்ஸில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கூடத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது தட்டம்மை வைரஸ் இருக்கும் பாராமிக்ஸோ குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அட்லாண்டாவில் நடந்த அடுத்தகட்ட சோதனைகளில், ஹெண்ட்ரா வைரஸுக்கான ஆன்டிபாடி இதன் மேல் ஒட்டியது. ஹெண்ட்ரா என்பது 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற வைரஸ். இது அதன் உறவு. ஆனால் அதுவே அல்ல. வைரஸ் கிடைத்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. அந்தப் பெயரையே வைத்தார்கள்.

இறந்தவர்களின் மூளைத் திசுவும் இதையே உறுதி செய்தது. சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவரில் வீக்கம். அங்கேயும் கலந்துபோன பெரிய செல்கள். பன்றிகளின் நுரையீரலிலும் மூச்சுக்குழாயிலும் வைரஸ் இருந்தது. குரைப்பது போன்ற அந்த இருமலுக்கு அர்த்தம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நோய் பரவியது கொசுவால் அல்ல. பன்றியின் மூச்சு, சளி, சிறுநீர் போன்ற கழிவுகளோடு வந்த நேரடித் தொடர்பால்.

மறுபடியும் ரத்தம், இந்த முறை சரியான கேள்வி

பெயர் தெரிந்ததும் ரத்தப் பரிசோதனை மறுபடி களத்துக்கு வந்தது. நோய் கண்ட வட்டாரங்களில் பன்றிகள் மொத்தமாக அழிக்கப்பட்டன, ராணுவமும் இறக்கப்பட்டது. ஆனால் மற்ற பண்ணைகளில் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் ஈப்போ மறுபடி வருகிறது. 1948-இல் ஈப்போவில் தொடங்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகம், நாட்டின் கால்நடை நோய்ச் சோதனைகளுக்கு முதுகெலும்பு. ஆஸ்திரேலியாவின் கீலோங் நகரில் உள்ள விலங்கு நலச் சோதனைக்கூடத்தின் உதவியோடு நிப்பாவுக்கான எலிசா சோதனை அங்கே அமைக்கப்பட்டது. 1999 ஏப்ரல் முதல் ஜூலை வரை 889 பண்ணைகள் சோதிக்கப்பட்டன. 50 பண்ணைகளில் வைரஸின் தடம் இருந்தது; அங்கிருந்த பன்றிகளும் அழிக்கப்பட்டன. மொத்தத்தில் அழிக்கப்பட்டவை ஏறக்குறைய 11 லட்சம். நாட்டின் பன்றிப் பண்ணைகளில் பாதிக்கும் மேல் இல்லாமல் போயின. பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு.

சில மாதங்களுக்கு முன் குழப்பிய அதே வகைச் சோதனைதான் இப்போது நாட்டைக் காப்பாற்றியது. மாறியது, தட்டில் பூசியிருந்த வைரஸ் மட்டும்.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதற்கும் மாதிரிகள்தான் பதில் சொன்னன. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சிறுநீரைச் சேகரித்தார்கள். அதிலும், வௌவால் கடித்துப் போட்ட ஜம்பு ஆயர் பழத்திலும் நிப்பா வைரஸ் கிடைத்தது. ஈப்போ அருகே நோய் முதலில் தலைகாட்டிய பெரிய பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்த பழம் கொட்டகைக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

2018-இல் கேரளாவின் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது கதை வேறு மாதிரி போனது. ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளும் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்ததும் மருத்துவர்கள் நிப்பாவைச் சந்தேகித்தார்கள். மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேவுக்கும் போயின. சில நாள்களில் முடிவு வந்தது. 17 பேர் இறந்தார்கள். ஆனால் நோய் பெரிதாகப் பரவுவதற்குள் கட்டுக்குள் வந்தது. பெயர் தெரிந்த வைரஸ், தயாராக இருந்த பிசிஆர், சரியான சந்தேகம் மூன்றும் சேர்ந்து மாதக் கணக்கை நாள் கணக்காக்கின.

உங்க வீட்டு மாட்டுக்கு வந்தால்?

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் லயத்துக் காலத்தில் தாத்தா பாட்டி வளர்த்த மாடுகளின் வழி வந்தவற்றை இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கோமாரி, தொண்டை அடைப்பான், 2021-இல் தீபகற்ப மலேசியாவுக்குள் நுழைந்த தோல் கழலை நோய் என்று கவலைகளுக்குக் குறைவில்லை. இவற்றை மனதில் வையுங்க:

• மருந்து கொடுப்பதற்கு முன் மாதிரி. கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டு ரத்தம் எடுத்தால், பாக்டீரியா வளராமல் போகலாம். நோய் இருக்கும், விடை கிடைக்காது.

• ஊதா மூடி, சிவப்பு மூடி. மருத்துவர் இரண்டு குழாயில் ரத்தம் எடுத்தால் குழம்ப வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாது. பூச்சுக்கும் பிசிஆருக்கும் அது. சிவப்பு மூடியில் உறையவிட்டு, சீரம் பிரித்து ஆன்டிபாடி பார்ப்பார்கள்.

• குளிர்ச்சி வேண்டும், உறைய வைக்கக்கூடாது. ரத்தக் குழாயை ஃப்ரீசரில் வைத்தால் அணுக்கள் வெடித்துவிடும். நுண்ணோக்கிக்குப் போகும் திசுவையும் பனிக்கட்டித் துகள்கள் கிழித்துவிடும். ஐஸ் பெட்டி போதும்.

• ஃபார்மலின் எல்லாவற்றுக்கும் அல்ல. அது திசுவைக் காக்கும், வைரஸைக் கொன்றுவிடும். செல் வளர்ப்புக்கு ஃபார்மலின் படாத தனித் துண்டு தேவை.

• திடீரென செத்த மாட்டை வெட்டாதீங்க. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வழிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். காதிலிருந்து எடுக்கும் ஒரு துளி ரத்தமே சோதனைக்குப் போதும். அதையும் கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது உங்கள் பங்கு. கூடவே இவற்றையும் மறக்காமல் சொல்லுங்க: முதலில் எந்த மாடு படுத்தது, எத்தனை நாள் இடைவெளியில் அடுத்தது, புதிதாக எங்கிருந்தாவது மாடு வாங்கி வந்தீர்களா, தொழுவத்துக்கு மேல் பழமரம் இருக்கிறதா, அதில் வௌவால் வருகிறதா, மாட்டைப் பார்த்துக்கொள்பவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா.

எந்தக் கிருமியைத் தேடுவது, எந்தத் தட்டை எடுப்பது, ரத்தம் போதுமா திசுவும் வேண்டுமா என்று சோதனைக்கூடம் முடிவு செய்வது இந்தத் தகவல்களை வைத்துத்தான். 1998-இல் பன்றிகள் இருமியதை முதலில் கேட்டவர்கள் தினமும் அவற்றுக்குத் தீவனம் போட்டவர்கள்.